சரியாக இரண்டு நாற்பதுக்கு

விசாரணைக் கட்டு மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அண்ணன் அதை இரண்டு கையாலும் தூக்கி வந்து தங்கையின் முன்னால் சாப்பாட்டு மேசையில் தொப்பென்று போட்டான். கட்டின் மேல் ஒரு தனித்தாள் இருந்தது. "ரோலரின் பாதுகாப்புக் கூண்டை நானே கழற்றினேன். அதனால்தான் என் சக தொழிலாளியின் வலது கை நசுங்கியது. முழுப் பொறுப்பும் என்னுடையது" என்று அழகாக அச்சடித்து, அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடும் போட்டிருந்தார்கள். எழுதுகிற சிரமம்கூட வைக்கவில்லை. எத்தனை கரிசனம் பாருங்கள், பெயரை மட்டும் போட்டால் போதுமாம்.

"கையெழுத்துப் போட்டா வேலைய விட்டு அனுப்பறதோட விட்டுடுவாங்களாம். போடலைன்னா வெள்ளிக்கிழமை விசாரணை முடிஞ்ச கையோட போலீஸ் கேஸாம்" என்றான் அண்ணன்.

"நீ கழட்டினியா?"

"பாப்பா!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஊரே கேட்கப்போகுது, முதல்ல நான் கேட்டுக்கறேன்."

"தொடவே இல்லை. நான் ஷிப்டுக்கு உள்ள போறப்பவே கூண்டு இல்லை. துணி வேகமா ஓடணும்னு சூப்பர்வைசர்தான் முந்தின ஷிப்டுலயே கழட்டச் சொல்லியிருக்கார். 'மாட்டிடுங்க சார், ஆபத்து'ன்னு சொன்னேன். 'உன் வேலையப் பாரு'ன்னார்."

"அப்புறம் எதுக்கு இந்தத் தாளைக் கும்பிட்டுத் தூக்கிட்டு வந்தே? அங்கயே நாலா கிழிச்சு அவங்க மூஞ்சில வீச வேண்டியதுதானே?"

அண்ணன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் கழட்டினதைப் பார்த்தோம்னு பதினொரு பேர் சொல்லியிருக்காங்க. அதுல ஒருத்தன் நெட்டை."

அவளுக்குச் சுருக்கென்றது. கை நசுங்கினதே நெட்டைக்குத்தான். சாய ஆலையில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே ரோலரின் இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் நெட்டை. ஈரத் துணியை ஒருவன் விடுவான், பிழிந்து வருவதை மற்றவன் வாங்குவான். அந்த இரைச்சலில் பேச முடியாது என்பதால் இருவரும் புருவத்தாலேயே பேசிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஒருவன் வீட்டில் இன்னொருவன் கிடப்பான். அண்ணி சலித்துக்கொள்வாள், "எனக்குக் கல்யாணம் ஆனது ரெண்டு பேரோட" என்று.

"கேஸ் வரட்டும், போகட்டும். அவனே நான்தான்னு சொன்னப்புறம் எனக்கு எதுக்குப் பாப்பா நல்ல பேரு? போட்டுக் கொடுத்துட்டுப் போறேன்" என்றான். குரல் உடைந்துவிட்டது. ஆம்பிளை அழக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை நம்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நீ பேனாவைத் தொட்டே, நான் உனக்குத் தங்கச்சியே இல்லை" என்றாள் அவள். சொல்லிவிட்டு அந்தக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பாப்பாவுக்கு வயது நாற்பத்திரண்டு. அச்சகத்தில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. தடித்த புத்தகங்களின் கடைசியில் 'இன்ன சொல் இன்ன பக்கத்தில்' என்று பொடி எழுத்தில் ஓர் அடைவு இருக்குமே, அதைத் தயாரிப்பதுதான் அவள் வேலை. யாரும் நன்றி சொல்லாத வேலை. தப்பு வந்தால் மட்டும் எல்லாருக்கும் கண் தெரியும். இரண்டு வருஷமாக அதற்கு ஒரு மென்பொருளை வைத்திருக்கிறாள். புத்தகத்தை உள்ளே விட்டால், எந்தப் பெயர் எந்தப் பெயரோடு அடிக்கடி சேர்ந்து வருகிறது, எந்தப் பக்கத்து வாக்கியம் எந்தப் பக்கத்து வாக்கியத்தைப் போலவே இருக்கிறது என்று அது கண்டுபிடித்து, வட்டங்களும் கோடுகளுமாக வரைந்து காட்டும். அடிக்கடி வருகிற பெயருக்குப் பெரிய வட்டம். உறவு நெருக்கமாக இருந்தால் தடித்த கோடு. அவ்வளவுதான் அதன் வித்தை. யார் நல்லவர், யார் கெட்டவர் என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

முதலாளியிடம் கேட்டுக்கொண்டு மதிய இடைவேளைகளில் கட்டை ஸ்கேன் செய்தாள். ஆலைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். பதினொரு சாட்சிகளின் வாக்குமூலம் நூறு பக்கம்கூடத் தேறாது. மீதி ஆயிரத்து இருநூறு சொச்சமும் பத்து வருஷத்து விபத்துக் கோப்பு, பாதுகாப்புக் கமிட்டிக் கூட்டக் குறிப்பு, ஏதேதோ பழைய விசாரணைகள் என்று அள்ளிக் கொட்டியிருந்தார்கள். படித்து முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்ற தைரியம்தான். அடேயப்பா, பொய் சொல்கிறவனுக்குக் காகிதம் மட்டும் எங்கிருந்துதான் கிடைக்கிறதோ.

செவ்வாய்க்கிழமை மாலை வீட்டில் முதல் படம் வந்தது. படத்தின் நட்டநடுவே தட்டு அளவுக்கு ஒரு வட்டம். அதில் அண்ணனின் டோக்கன் எண் நாற்பத்தேழு. பதினொரு சாட்சிகளிடமிருந்தும் தடித்த கோடுகள் நேராக அவன்மேல் போய் விழுந்தன. 'கழற்றினார்', 'கூண்டு', 'நசுங்கியது' எல்லாம் அவனைச் சுற்றியே நின்றன. சூப்பர்வைசர் எங்கே என்று தேடினால், ஓர் ஓரத்தில் கடுகு அளவுக்கு ஒரு புள்ளி.

அண்ணி பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"அது யாரு, நடுவுல?" என்றாள் அண்ணி.

"அண்ணன்தான் அண்ணி. ஆனா இது..."

"உன் கம்ப்யூட்டருமா சொல்லுது?" என்று கேட்டுவிட்டு அண்ணி உள்ளே போய்விட்டாள். சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

அன்று ராத்திரி அவள் அந்தப் படத்தையே மறுபடி மறுபடி பார்த்தாள். ஒருவேளை கழற்றியிருப்பானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஒரே நிமிஷம்தான், ஆனால் நினைத்தாள். கூடப் பிறந்தவனை ஒரு வட்டத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டோமே என்று அப்புறம் தன்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் வேறு வழியில்லாமல் வாக்குமூலங்களைக் கையிலேயே எடுத்துப் படித்தாள். மூன்றாவது பக்கத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அத்தனையும் கேள்வி-பதில். ஒவ்வொரு கேள்வியும், "டோக்கன் எண் 47 கூண்டைக் கழற்றியதைப் பார்த்தீர்களா?", "டோக்கன் எண் 47 அப்போது எங்கே நின்றார்?" என்று அண்ணனில் ஆரம்பித்து அண்ணனில் முடிந்தது. கேள்வி கேட்டவனின் வாயையும் பதில் சொன்னவனின் வாயையும் அவள் ஒன்றாகப் போட்டு எண்ணியிருக்கிறாள்! நூறு தடவை ஒருவனைப் பற்றியே கேட்டால் நூறு தடவை அவன் பெயர்தான் வரும். பதினைந்து வருஷம் அடைவு போட்டவள் செய்கிற காரியமா இது?

"அண்ணி, இங்க வாங்க! நேத்து நான் பண்ணினது முட்டாள்தனம்!" என்று கத்தினாள். இவ்வளவு சந்தோஷமாகத் தன்னைத்தானே முட்டாள் என்று அழைத்துக்கொண்டவள் அந்தத் தெருவிலேயே வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கேள்விகளையெல்லாம் நீக்கினாள். பதில்களை மட்டும் உள்ளே விட்டு, பெயர்களை மறந்துவிட்டு, யாருடைய பேச்சு யாருடைய பேச்சைப் போல இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். இந்தத் தடவை படம் தலைகீழாக வந்தது. ஆலையில் வேலை செய்பவர்கள் பத்து வருஷமாக வெவ்வேறு விசாரணைகளில் சொன்ன பதில்கள் எல்லாம் படத்தின் ஒரு பக்கம் பரவிக் கிடந்தன. இந்தப் பதினொரு பதில்கள் மட்டும் அவற்றோடு சேரவே இல்லை. எதிர்ப்பக்கத்தில், மேனேஜர் எழுதிய விபத்து அறிக்கையைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நின்றன. எது அவற்றை ஒட்டவைக்கிறது என்று தேடினாள். ஒரு வாக்கியம் வந்தது. "சரியாக இரண்டு நாற்பதுக்கு அவர் கூண்டைக் கழற்றியதை என் கண்ணால் கண்டேன்." பதினொரு பேரும் ஒரு எழுத்து பிசகாமல் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருந்தார்கள்.

இரண்டு நாற்பதுக்கு வேறு எங்கே என்ன நடந்தது என்று பார்த்தாள். விபத்து நடந்த அன்று மேனேஜர் அறையில் நடந்த கூட்டத்தின் குறிப்பு அகப்பட்டது. இரண்டரை முதல் மூன்றேகால் வரை சூப்பர்வைசர் அந்தக் கூட்டத்தில் இருந்தாராம், கையெழுத்தும் இருக்கிறது. அப்படியானால் கூண்டு கழன்றது அந்த நேரத்தில்தான் என்று ஆகிவிட்டால், அவர் பக்கம் யாரும் கையைக் காட்ட முடியாது. ஆனால் ஒரே மாதிரி சொன்னார்கள் என்பதாலேயே பொய் என்று ஆகிவிடுமா? பதினொரு பேரும் ஒன்றையே பார்த்தார்கள், ஒன்றையே சொன்னார்கள் என்று வக்கீல் மடக்கிவிடுவாரே. அவளுக்கு அந்த இடத்தில் புத்தி ஓடவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டாள். "கை மாட்டினப்ப மணி என்ன?"

"டீ சங்குக்குக் கொஞ்சம் முன்னாடி."

"மணி கேட்டேன்."

"அதான் சொல்றேனே, டீ சங்குக்கு முன்னாடின்னு."

"அண்ணா, கடிகாரத்துல எத்தனை மணி?"

அண்ணன் அவளை விநோதமாகப் பார்த்தான். "உள்ள ஏது கடிகாரம்? இருந்த ஒண்ணையும் கழட்டிட்டாங்க, எல்லாரும் அதையே பார்க்கிறோம்னு. போனை கேட்லயே வாங்கிப் பெட்டில வெச்சுடுவாங்க. ரோலர் பட்டையைப் பிடிச்சு இழுத்துடும்னு கைக்கடிகாரமும் கட்டக் கூடாது. ஜன்னலும் கிடையாது, வெயிலைப் பார்த்துச் சொல்றதுக்கு. எங்களுக்கு எல்லாம் சங்குதான். ஷிப்ட் சங்கு, டீ சங்கு, விடற சங்கு. வீட்லயே உங்க அண்ணி எப்ப வருவேன்னு கேட்டா, சங்கு ஊதி கால் மணியிலன்னுதான் சொல்வேன்."

அவளுக்கு மூக்கு வியர்த்தது. கணினிப் பக்கம் திரும்பி 'சங்கு' என்று போட்டாள். பத்து வருஷத்துக் கோப்புகளில் ஆலைக்குள் வேலை செய்பவர்கள் வாயில் நானூற்றுப் பதினெட்டு தடவை வந்தது. 'மணி' என்றும், நேரத்தைக் குறிக்கிற எண்களையும் போட்டாள். கிட்டத்தட்ட அத்தனையும் ஆபீஸ்காரர்கள். மேனேஜர், கணக்கர், டாக்டர், சூப்பர்வைசர். உள்ளே நின்று வேலை செய்பவர்களில் பத்து வருஷத்தில் கடிகார நேரம் சொன்னவர்கள் பதினொரே பேர். அதுவும் நிமிஷத்தோடு.

"எழுதினவன் ஆபீஸ்ல கடிகாரத்துக்குக் கீழ உட்கார்ந்து எழுதியிருக்கான்" என்றாள்.

அண்ணன் படத்தின் பக்கம் குனிந்தான். அப்புறம் மெதுவாக, "அப்ப நெட்டை அப்படிச் சொல்லலையா?" என்று கேட்டான். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தெரியலை. ஆஸ்பத்திரியிலதான் உன்னை உள்ள விடமாட்டேங்கறாங்களே, விசாரணையில கேட்டாத்தான் தெரியும்" என்றாள் அவள். பொய் சொல்லி ஆறுதல் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை ஆலையின் ஆபீஸ் மாடியில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. வேலை செய்பவர்கள் யாரும் பயத்தில் வராததால் தங்கையை வைத்துக்கொள்ள விசாரணை அதிகாரி முனகிக்கொண்டே சம்மதித்தார். நீள மேசையின் ஒரு பக்கம் ஆலை வக்கீல், மேனேஜர், சூப்பர்வைசர். மறுபக்கம் இவர்கள் இருவர். மூலையில் ஒரு தட்டச்சுக்காரி. அதிகாரியின் தலைக்கு மேலே பெரிய வட்டக் கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

வக்கீல் அந்தத் தனித்தாளை அண்ணன் முன்னால் தள்ளி, மேலே ஒரு பேனாவையும் வைத்தார். "எல்லார் நேரமும் மிச்சம். போட்டுடுங்க."

"போட மாட்டார்" என்றாள் அவள். "நான் சாட்சியைக் கேள்வி கேட்கணும்."

வக்கீல் அவள் கையில் இருந்த படத்தை எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, நண்டு ஓடின தடம் மாதிரி? கம்ப்யூட்டர் வந்து சாட்சி சொல்லுமா?"

சூப்பர்வைசர் வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏறட்டும் என்று விட்டாள்.

"சொல்லாது சார். அதுக்குப் பொய்யும் சொல்லத் தெரியாது. எந்தப் பக்கம் தோண்டணும்னு காட்டிச்சு, அவ்வளவுதான். சாட்சி வெளியில பெஞ்சில உட்கார்ந்திருக்கார். உங்க சாட்சி. பதினொண்ணாவது ஆள். கூப்பிடுங்க."

நெட்டை குனிந்து கதவுக்குள் வந்தார். வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. ஆள் பாதியாகியிருந்தார். அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். நெட்டை அவன் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நெட்டை அண்ணே, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கணும். கை மாட்டினது எப்போ?"

"டீ சங்குக்கு முன்னாடி" என்றார் அவர், சுவரிடம்.

"மணி?"

"உள்ள மணி எப்படித் தங்கச்சி தெரியும்?"

தட்டச்சுக்காரியின் விரல்கள் நின்றன. பாப்பா வாக்குமூலத்தைப் பிரித்து நிதானமாகப் படித்தாள். "'சரியாக இரண்டு நாற்பதுக்கு அவர் கூண்டைக் கழற்றியதை என் கண்ணால் கண்டேன்.' இது நீங்க சொன்னது. உங்க இடது கைப் பெருவிரல் ரேகை இருக்கு."

நெட்டை முதல் தடவையாகச் சுவரை விட்டுத் திரும்பினார். "நானா? நான் எங்க சொன்னேன்? ஆஸ்பத்திரியில மருந்து மயக்கத்துல கிடந்தேன். வைத்தியத்துக்குன்னு சொல்லி ரேகை வாங்கினாங்க." சட்டென்று அவர் குரல் ஏறியது. "ஏன், இவன் மட்டும் என்ன சொன்னானாம்? நான்தான் கூண்டைக் கழட்டினேன்னு இவன் எழுதிக் கொடுத்துட்டதா சூப்பர்வைசர் வந்து சொன்னாரே! கை போன வலியைவிட அதுதான் எனக்கு..."

"டேய்!" என்றான் அண்ணன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். இருபத்திரண்டு வருஷமாக இரைச்சலுக்கு நடுவே பேசிய புருவம் 'இல்லை, இல்லை' என்று துடித்தது.

நெட்டை அதையே பார்த்தார். அப்புறம் அவருடைய முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது. "படுபாவிங்க" என்றார். யாரைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

"சாட்சி உணர்ச்சிவசப்பட்டிருக்கார், ஒத்தி வைக்கலாம்" என்று வக்கீல் அவசரமாக எழுந்தார்.

"உட்காருங்க" என்றார் விசாரணை அதிகாரி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினொரு வாக்குமூலங்களையும் தம் பக்கம் இழுத்தார். ஒவ்வொன்றிலும் அந்த ஒரே வரியை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பதினொன்றாவதைத் தொட்டதும் சூப்பர்வைசரை ஏறிட்டுப் பார்த்தார். அவர் இப்போது சிரிக்கவில்லை.

"இத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டு நானே கேட்கப்போறேன். முதல்ல இவர்" என்றார் அதிகாரி. "நடந்ததைச் சொல்லுங்க."

"ஷிப்ட் சங்கு ஊதினதும் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் உள்ள போனோம்" என்றார் நெட்டை. "போறப்பவே கூண்டு இல்லை. இவன் சூப்பர்வைசர்கிட்டப் போய் மாட்டச் சொன்னான், அவர் விரட்டிவிட்டார். நான் பார்த்தேன். டீ சங்குக்கு முன்னாடி துணி சுருண்டுச்சு, எடுத்துவிடப் போனேன், கை போச்சு."

அதிகாரி தலையை ஆட்டிவிட்டுத் தட்டச்சுக்காரிக்குச் சொல்ல ஆரம்பித்தார். நாற்பது வருஷப் பழக்கம், விடுமா? அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, டீ சங்குக்கு முன்னாடி என்றதைத் தாமே மணியாக்கி, "பிற்பகல் சுமார் மூன்று ஐம்பது மணியளவில்..." என்றார்.

"சார்" என்றார் நெட்டை. இடது கையை மேசைமேல் ஊன்றி எழுந்து நின்றார். முழு உயரமும் நின்றார். "மணி போடாதீங்க. இன்னொரு தடவை என் வாயில கடிகாரத்தை வெச்சா நான் ரேகை வைக்க மாட்டேன். சங்குன்னே போடுங்க."

தட்டச்சுக்காரி அதிகாரியைப் பார்த்தாள். அவளே அடித்ததை அழித்துவிட்டு, சங்கு என்று அடித்தாள்.

அண்ணன் தன் முன்னால் கிடந்த தாளை எடுத்தான். நான்காகக் கிழித்து, வக்கீலின் பேனாவுக்கு அடியில் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு போய் நெட்டையின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.